அக்ரிலிக் தூரிகையைக் கழுவும் முறை

புதுத் தூரிகை சில வாரங்களிலேயே துடைப்பம்போல் விரிந்துவிட்டதா? நுனியைப் பார்க்காதீர்கள், பூணைப் பாருங்கள். உலக்கைக்குப் பூண் இருப்பதுபோல, தூரிகையிலும் முடிகளைக் கைப்பிடியோடு இறுக்கிப் பிடிக்கும் உலோக வளையம் ஒன்று உண்டு. அதற்குள் வண்ணம் ஏறிக் காய்ந்தால் முடிகள் அடியிலிருந்தே பிரிந்துகொள்ளும். அக்ரிலிக் என்பது தண்ணீர் கலந்து வரையும் வண்ணம்; காய்ந்ததும் அது பிளாஸ்டிக் படலமாகிவிடும்; அதன்பின் தண்ணீரில் கரையாது.

ஆகவே வரையும்போதே கவனம் வேண்டும். முடியின் பாதி நீளத்துக்கு மேல் வண்ணத்தில் தோய்க்காதீர்கள். நடுவில் எழுந்து போனால் தூரிகையைத் தண்ணீர்க் குவளையில் தலைகீழாக நிறுத்திவிட்டுப் போகாதீர்கள். நுனி வளையும், கைப்பிடி மரம் ஊறி மேற்பூச்சு உரியும், பூண் ஆடத் தொடங்கும்.

வரைந்து முடித்ததும் பழைய பருத்தித் துணியால் பூணிலிருந்து நுனி நோக்கி அழுத்தித் துடையுங்கள். பிறகு குளிர்ந்த நீரில், நுனி கீழே பார்க்க, அலசுங்கள். வெந்நீர் வேண்டாம், அது வண்ணத்தைச் சீக்கிரம் இறுகச் செய்வதோடு பூணுக்குள் இருக்கும் பசையையும் இளக்கும்.

அடுத்தது சோப்பு. இதில் அவசரம் கூடாது. சாதாரணக் குளியல் சோப்பில் ஈரத் தூரிகையைத் தடவி, உள்ளங்கையில் மெல்ல வட்டமாகத் தேயுங்கள். பூணை ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, நுனிவரை உருவிவிடுங்கள். சுத்தமாகிவிட்டது என்று தோன்றும் நேரத்தில்தான் அங்கிருந்து மறுபடி வண்ணம் கசியும். நுரை வெள்ளையாக வரும்வரை விடாதீர்கள். சில நீலங்களும் சிவப்புகளும் முடியில் சாயமாகத் தங்கிவிடும். அதனால் கெடுதல் இல்லை.

ஈரத்தை ஒற்றி எடுத்து, விரலால் நுனியைக் கூராக்கி, துண்டின்மேல் படுக்கவைத்து உலர்த்துங்கள். ஈரத்தோடு நிமிர்த்தி வைத்தால் நீர் பூணுக்குள் இறங்கும்.

ஏற்கெனவே இறுகிய தூரிகையா? மருந்துக்கடையில் கிடைக்கும் சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் முடிப்பகுதியை மட்டும் 10 நிமிடம் ஊறவிட்டு, பழைய பல்துலக்கியால் நுனி நோக்கிச் சீவி, சோப்பால் கழுவுங்கள். ஜன்னல் திறந்திருக்கட்டும், அருகில் நெருப்பு கூடாது. அப்படியும் விரிந்தே நின்றால் எறிந்துவிடாதீர்கள். மரத்தின் இலைக்கொத்துகளை ஒற்றி ஒற்றி வரைய அது நன்றாக உதவும்.