கீரிமலைக் கரையில் கல் பார்க்கப் போகிறவர்களுக்கு

யாழ்ப்பாணத்து வடகரையில் இருக்கும் கீரிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கேணியில் குளித்து, நகுலேஸ்வரம் சிவன் கோயிலில் கும்பிட்டுவிட்டு வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். இம்முறை ஒரு மணித்தியாலம் கூடுதலாக வைத்துக்கொண்டு கரையோரமாக நடந்து பாருங்கள். மெல்லிய செருப்பு வேண்டாம். அலையும் உப்பும் அரித்த கல் ஊசி ஊசியாக நிற்கும். அடி தடித்த சப்பாத்துத்தான் சரி.

அது சுண்ணாம்புக்கல். மயோசீன் காலத்தில், அதாவது 2.3 கோடி முதல் 53 லட்சம் ஆண்டுகளுக்கு முன், ஆழமில்லாத கடலில் சிப்பிகளும் முருகைகளும் (பவளங்களும்) படிந்து இறுகி உண்டானது. குனிந்து தேடினால் சில இடங்களில் சிப்பியின் அச்சுக்கூடத் தெரியும். பிள்ளைகள் கூட வந்தால் சின்னப் போத்தலில் வினாகிரி கொண்டுபோங்கள். உதிர்ந்து கிடக்கும் துண்டைச் சுரண்டி, அந்தத் தூளில் ஒரு சொட்டு விட்டால் நுரைக்கும்.

அப்புறம் கேணிக்குத் திரும்பி வாருங்கள். கடல் இத்தனை பக்கத்தில் இருக்க, கேணியில் நல்ல தண்ணீர் எப்படி? மழைநீர் சுண்ணாம்புக்கல்லை மெல்லக் கரைத்து, உள்ளே வழிகளும் பொந்துகளும் உண்டாக்கிவிடுகிறது. அந்த வழியே ஓடிவரும் நீர்தான் இங்கே ஊற்றாக வெளிவருகிறது. புத்தூருக்குப் பக்கத்து நிலாவரைக் கிணற்றையும் இதே பயணத்தில் பாருங்கள்: மேலே நன்னீர், ஆழத்தில் உப்பு நீர். நன்னீர் பாரம் குறைந்தது என்பதால் மிதக்கிறது. பெரிய ஆறில்லாத நம் ஊரில் வெங்காயமும் புகையிலையும் விளைந்தது இந்தக் கல் பிடித்துவைத்த நீரால்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உப்பு மேலே ஏறும். ஊரில் காணி வைத்திருப்பவர்கள் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது.

மார்கழியை ஒட்டிய மாதங்களில் வடகீழ்ப் பருவக்காற்றால் அலை மோசமாக இருக்கும். ஈரப் பாறையில் ஏற வேண்டாம். வடக்குக் கரையில் தடைப் பலகையோ கண்ணிவெடி எச்சரிக்கையோ கண்டால் அதைத் தாண்ட வேண்டாம். ஆளில்லாத பற்றைக்குள் இறங்கவும் வேண்டாம். முருகைக்கல்லை நினைவுக்கென்று பெட்டியில் வைக்காதீர்கள். இலங்கையில் அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்டது. படம் எடுத்தால் போதும்.

இன்னொரு நாள் இருந்தால் குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போங்கள். சாந்து பூசாமல் முருகைக்கல்லை அடுக்கிக் கட்டிய வேலிகள் வளவுக்கு வளவு நிற்கின்றன. வளர்ந்துகொண்டிருப்பதாக ஊரார் சொல்லும் ஒரு கல்லும் அங்கே உண்டு. திரும்பும் கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுவையுங்கள்.