டோட்டல் லாஸ் ஆன கார்: இன்சூரன்ஸ் பணத்தைக் குறையாமல் வாங்கி அடுத்த வண்டிக்குப் போவது எப்படி

தள்ளாமலே ஸ்டார்ட் ஆகி ஓடக்கூடிய காரைக்கூட இன்சூரன்ஸ் கம்பெனி டோட்டல் லாஸ், அதாவது ரிப்பேர் செய்வது கட்டுப்படியாகாத முழு இழப்பு, என்று முடிவு செய்வதுண்டு. முன்பக்கம் லேசாக நசுங்கி இரண்டு ஏர்பேக் விரிந்திருந்தால் போதும். ஏர்பேக், அதன் கண்ட்ரோல் யூனிட், சீட் பெல்ட் டென்ஷனர், கிழிந்த டேஷ்போர்டு, விரிசல் விட்ட கண்ணாடி என்று சேர்த்துப் போட்டால் ஏழெட்டு வயதான வண்டியின் விலையை பில் நெருங்கிவிடும். பார்வைக்கு எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்பதைவிட, ரிப்பேர் செலவு வண்டியின் மதிப்பில் எத்தனை சதவீதம் என்பதே இங்கு கேள்வி.

அந்த எல்லை இடத்துக்கு இடம் மாறும். இந்தியாவில் பாலிசியில் எழுதியிருக்கும் ஐ.டி.வி.யில் (வண்டிக்கென்று முன்பே குறித்த காப்பீட்டு மதிப்பு) 75 சதவீதத்தை ரிப்பேர் செலவு தாண்டினால் டோட்டல் லாஸ். அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் ஒரு கணக்கு: நியூயார்க்கில் 75 சதவீதம், டெக்சாஸில் 100. சில மாநிலங்களில் ரிப்பேர் செலவோடு நொறுங்கிய வண்டியின் விலையையும் கூட்டி, அது வண்டியின் மதிப்பைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். பிரிட்டனில் கம்பெனியின் இன்ஜினியர் பார்த்து முடிவு செய்கிறார். முதல் எஸ்டிமேட் 60 சதவீதத்தில் நின்றாலும் நிம்மதியடைய வேண்டாம். பம்பரைக் கழற்றிப் பார்க்கும்போது உள்ளே வளைந்த சேஸிஸ் தெரியவந்து எஸ்டிமேட் ஏறுவது வழக்கமாக நடப்பது.

வண்டி கையை விட்டுப் போவதற்கு முன்

இன்சூரன்ஸ் கம்பெனி சேதமான வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குப் போன வண்டியைத் திரும்பப் பார்க்க முடியும் என்று நம்பக் கூடாது. பேரம் பேசத் தேவையான சான்றெல்லாம் அந்த வண்டியில்தான் இருக்கிறது. நாலு பக்கமும், உள்பக்கமும், இக்னிஷன் போட்ட நிலையில் ஓடோமீட்டரும், நாலு டயரின் ட்ரெட்டும், சேஸிஸ் எண்ணும், வெளியில் பொருத்திய கூடுதல் சாமான்களும் போட்டோவில் வர வேண்டும். அடிபடாத பக்கத்தை மறந்துவிடாதீர்கள். வண்டியின் பொதுவான நிலை மோசம் என்று பிறகு சதவீதம் கழித்தால், அதை மறுக்க அந்தப் போட்டோதான் உதவும்.

அடுத்து சாமான்கள். டேஷ்கேமின் மெமரி கார்டு, டோல் டேக், கேட் ரிமோட், ஸ்டெப்னிக்கு அடியில் ஒளிந்திருக்கும் பொருட்கள், கையேட்டோடு வைத்த பில்கள் எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். மியூசிக் சிஸ்டத்தில் ஜோடி சேர்த்த போனையும் மேப்பில் பதிந்த வீட்டு முகவரியையும் அழித்துவிடுங்கள். குழந்தை சீட் இருந்தால், பலமான மோதலுக்குப் பிறகு அது பார்க்க நன்றாக இருந்தாலும் மறுபடி பயன்படுத்தக் கூடாது. பல பாலிசிகள் அதற்குத் தனியாகப் பணம் தருகின்றன, கேட்டால்தான். பேன்சி நம்பர் வைத்திருப்பவர்கள், அதைத் தக்கவைக்க உங்கள் ஊரில் சட்டம் இடம் கொடுத்தால், செட்டில்மென்டுக்கு முன்பே அதற்கு விண்ணப்பிக்க வேண்டும். பணம் வாங்கிய பிறகு வண்டியோடு நம்பரும் போய்விடும்.

ஒர்க்‌ஷாப்பில் நிற்கும் வண்டிக்கு நாள் வாடகை ஏறிக்கொண்டிருக்கலாம். கம்பெனி தன் யார்டுக்கு எடுத்துப்போகக் கேட்டால் மறுக்காமல் விடுங்கள். மறுத்தால் வாடகையை உங்கள் தலையில் கட்டுவார்கள். ஆனால் வண்டியைக் கொடுப்பது வேறு, உரிமையைக் கொடுப்பது வேறு. தொகை முடிவாகும் வரை அசல் ஆர்.சி.யும், கையெழுத்திட்ட உரிமை மாற்றப் படிவங்களும் உங்களிடமே இருக்கட்டும். நிரப்பாத படிவத்தில் கையெழுத்து எந்த நிலையிலும் கூடாது.

உங்கள் பாலிசி எந்த வகை

தொகையைப் பற்றிப் பேசுவதற்கு முன் பாலிசியைப் படியுங்கள். இரண்டு வகைதான். ஒன்றில் மதிப்பு முன்பே எழுதப்பட்டிருக்கும். இன்னொன்றில் விபத்துக்கு முந்தைய நொடியில் அதே போன்ற வண்டி சந்தையில் என்ன விலை என்று பார்ப்பார்கள்.

இந்தியப் பாலிசி முதல் வகை. ஐ.டி.வி. என்பது வண்டியைத் தயாரித்த கம்பெனி சொல்லும் விற்பனை விலையிலிருந்து வயதுக்கேற்பக் கழித்த தொகை: 6 மாதம் வரை 5 சதவீதம், ஒரு வருடம் வரை 15, இரண்டு வருடம் வரை 20, மூன்றுக்கு 30, நான்குக்கு 40, ஐந்துக்கு 50. அதற்கு மேல் இரு தரப்பும் பேசி முடிவு செய்வது. பிரீமியம் குறையட்டும் என்று ஐ.டி.வி.யை இறக்கிப் போட்டிருந்தால் அதன் வலி இப்போதுதான் தெரியும். வேறு வழி கிடையாது. ஆனால் இன்னொரு விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. டோட்டல் லாஸ் என்று வந்துவிட்டால் அந்த ஐ.டி.வி.யே பாலிசிக் காலம் முழுவதும் சந்தை மதிப்பு, மேற்கொண்டு தேய்மானம் கழிக்கக் கூடாது என்று பாலிசியிலேயே எழுதியிருக்கிறது. பாலிசி எடுத்துப் பத்து மாதம் ஆகிவிட்டது, இப்போது மார்க்கெட்டில் இவ்வளவுதான் போகும் என்று சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் இறக்கிப் பேசினால், அந்த வரியைக் காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

சந்தை மதிப்பு வகையில் சண்டை நீளும். முதல் ஆஃபர் பெரும்பாலும் கடைசி ஆஃபர் அல்ல. ஆஃபர் வந்ததும் அதன் பின்னால் இருக்கும் மதிப்பீட்டு ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்குங்கள். அதில் தப்பு இருக்கும் இடங்கள் பெரும்பாலும் இவைதான்: டாப் வேரியன்ட்டை நடு வேரியன்ட்டாக எழுதியிருப்பது, ஆட்டோமேட்டிக்கை மேனுவலாக எடுத்திருப்பது, ஓடிய தூரத்தை உத்தேசமாகப் போட்டிருப்பது, ஒப்பிட எடுத்த வண்டிகளில் ஏற்கெனவே விபத்தானதும் சேர்ந்திருப்பது. வேரியன்ட் ஒன்று மாறினால்கூட மற்ற பேரங்களையெல்லாம் விட அதிக வித்தியாசம் வரும்.

உங்கள் பக்கத்துக்கு ஐந்தாறு விளம்பரங்களைச் சேகரியுங்கள். அதே வருடம், அதே வேரியன்ட், அதே எரிபொருள், ஓடிய தூரம் உங்கள் வண்டியிலிருந்து 10, 15 சதவீதத்துக்குள். டீலர்கள் போட்ட விளம்பரமாக இருந்தால் நல்லது. விளம்பரம் விற்றதும் மறைந்துவிடும் என்பதால் தேதி தெரியும்படி பி.டி.எஃப். ஆக சேமியுங்கள். மிக உயர்ந்த ஒன்றை மட்டும் அனுப்பினால் ஒதுக்கிவிடுவார்கள். ஐந்தாறையும் அனுப்பி நடுவில் வரும் விலையைக் கேட்டால் மறுக்க அவர்களுக்கும் காரணம் வேண்டும். விளம்பர விலையில் பேரம் உண்டு என்று அவர்கள் கொஞ்சம் குறைப்பார்கள், அது நியாயம்தான்.

போன மாதம் மாற்றிய டயர், புது பேட்டரி, முழு சர்வீஸ் இவற்றுக்குப் போட்ட பணம் அப்படியே திரும்பி வராது. டயர் ஓடும் நிலையில் இருக்கும் என்று நினைத்துத்தான் சந்தையே விலை போடுகிறது. அந்த பில்கள் பயன்படும் இடம் வேறு: வண்டியின் நிலைக்கென்று கழித்த தொகையை நீக்க வைப்பதற்கு.

போனில் பேசியதையெல்லாம் அன்றே மெயிலில் எழுதி அனுப்புங்கள். முழுத் தீர்வாக ஏற்கிறேன் என்ற வாசகம் உள்ள வவுச்சரில், தொகை பிடிக்காதவரை கையெழுத்துப் போட வேண்டாம். அவர்களே ஒப்புக்கொண்ட தொகையை இப்போதைக்குக் கொடுங்கள், மீதிக்கு வாதம் தொடரட்டும் என்று கேட்டுப் பாருங்கள். சில கம்பெனிகள் கொடுக்கும். அதற்கும் மேல் இழுத்தால் வெளியே போக வழி உண்டு. இந்தியாவில் கம்பெனிக்குப் புகார் கொடுத்து ஒரு மாதத்தில் பதில் இல்லாவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ, ஒரு வருடத்துக்குள் இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். பிரிட்டனில் கம்பெனிக்கு 8 வாரம் அவகாசம். அவர்களின் இறுதிப் பதில் கிடைத்த 6 மாதத்துக்குள் பைனான்ஷியல் ஆம்பட்ஸ்மேனுக்கு எழுத வேண்டும். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது. அமெரிக்கப் பாலிசிகள் பலவற்றில் ஆளுக்கொரு மதிப்பீட்டாளர், இருவரும் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் என்ற பிரிவு இருக்கும். மதிப்பீட்டாளரின் கூலி உங்களுடையது என்பதால் வித்தியாசம் பெரிதாக இருந்தால்தான் அதில் இறங்க வேண்டும்.

கைக்கு வரும் பணம்

மதிப்பு 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நீங்கள் ஏற்க வேண்டிய கட்டாயப் பங்கு போகும், அது 3 என்போம். பிரீமியத்தைத் தவணையில் கட்டுபவராக இருந்தால் மீதித் தவணைகளையும் பிடிப்பார்கள், 2. மிச்சம் 95. வண்டி மேல் லோன் இருந்தால் அந்த 95 முதலில் பைனான்ஸ் கம்பெனிக்குப் போகும். லோன் பாக்கி 70 என்றால் உங்கள் கைக்கு 25. பாக்கி 110 என்றால் கைக்கு ஒன்றுமில்லை. இல்லாத வண்டிக்கு 15 கடன்தான் மிச்சம். கேப் இன்சூரன்ஸும், இந்தியாவில் ரிட்டர்ன் டு இன்வாய்ஸ் என்ற ஆட்-ஆனும் (பாலிசியோடு கூடுதலாக எடுக்கும் பாதுகாப்பு) இந்த ஓட்டையை அடைக்கத்தான் இருக்கின்றன. ஷோரூமில் எடுத்துவிட்டு மறந்துபோனவர்கள் நிறைய. பழைய காகிதங்களைப் புரட்டிப் பாருங்கள்.

வண்டிதான் போய்விட்டதே என்று மாதத் தவணையை நிறுத்திவிடாதீர்கள். செட்டில்மென்ட் இரண்டு மாதம் இழுத்தால் இரண்டு தவணை தவறியதாகக் கிரெடிட் ஸ்கோரில் ஏறும், அதே நேரத்தில்தான் அடுத்த லோனுக்குப் போய் நிற்பீர்கள். பைனான்ஸ் கம்பெனியிடம் லோனை முடிக்கும் தொகையை, எந்தத் தேதி வரை அது செல்லும் என்பதோடு எழுத்தில் வாங்குங்கள். வட்டி நாள் கணக்கில் ஏறுவதால், பணம் நான்கு நாள் தாமதமாகப் போனால் சின்னத் தொகை பாக்கி நின்று, லோன் முடிந்தது என்று தரும் என்.ஓ.சி. கிடைக்காமல் இழுக்கும்.

நொறுங்கிய வண்டியை நாமே வைத்துக்கொண்டால்?

சால்வேஜ் மதிப்பு, அதாவது நொறுங்கிய நிலையில் வண்டியின் விலை, 20 என்றால், வண்டியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், 80 தருகிறோம் என்பார்கள். ரிப்பேர் 65 என்றால் 15 லாபம் போலத் தெரியும். ஆனால் அந்த வண்டி இனி விபத்து வண்டி. விற்கும்போது விலை விழும், முழு இன்சூரன்ஸ் கிடைப்பது சிரமமாகலாம், வேலை தொடங்கிய பிறகு 65 என்பது 80 ஆகலாம். ஆலங்கட்டி மழையில் மேல்தகடு மட்டும் பள்ளமான வண்டி, அல்லது கடைசி வரை ஓட்டித் தீர்க்க நினைக்கும் பழைய வண்டி என்றால் வைத்துக்கொள்ளலாம். சேஸிஸ் வளைந்ததையும், டேஷ்போர்டு வரை தண்ணீர் ஏறியதையும் விட்டுவிடுங்கள். வயரிங் அரிப்பு மாதக்கணக்கில் கழித்துத்தான் தலைகாட்டும். பிரிட்டனில் 2017 அக்டோபர் முதல் டோட்டல் லாஸ் வண்டிகளை இந்த நான்கு எழுத்துகளால் பிரிக்கிறார்கள். ஏ (A) என்றால் முழுவதும் நசுக்கப்பட வேண்டியது, பி (B) என்றால் உதிரிபாகம் மட்டும் எடுக்கலாம், எஸ் (S) என்றால் சட்டகத்தில் அடிபட்டாலும் சரிசெய்யக்கூடியது, என் (N) என்றால் சட்டகத்தில் அடிபடாதது. ஏ, பி இரண்டும் மறுபடி சாலைக்கு வர முடியாது.

சில இன்சூரன்ஸ் கம்பெனிகள், நொறுங்கிய வண்டி வாங்கும் சால்வேஜ் ஆளை நீங்களே பிடித்து விற்றுக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிடும். அப்படியானால் வாங்குபவர் பெயருக்கு ஆர்.சி. மாறியதை உறுதிசெய்யாமல் விடக் கூடாது. அடிபட்ட வண்டியின் சேஸிஸ் எண்ணையும் ஆர்.சி.யையும் திருட்டு வண்டிக்கு மாட்டுவது நெடுநாளாக நடக்கும் தொழில். வண்டி இனி ஓடவே ஓடாது என்றால், இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 55-ன்படி 14 நாளுக்குள் பதிவு அலுவலகத்தில் தெரிவித்து ஆர்.சி.யை ரத்து செய்ய வேண்டும்.

அடுத்த வண்டி

பாலிசியில் மாற்று வண்டி கொடுத்திருந்தால், செட்டில்மென்ட் தொகை சொன்ன சில நாட்களில் அதைத் திரும்பக் கேட்பார்கள். அந்த அவசரத்தில் குறைந்த ஆஃபருக்குத் தலையாட்டுவதும், கிடைத்த வண்டிக்கு அட்வான்ஸ் கொடுப்பதும் சேர்ந்தே நடக்கும். கடைசித் தேதியை முதல் வாரத்திலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். தொகை எழுத்தில் உறுதியாகும் முன் அட்வான்ஸ் வேண்டாம்.

பட்ஜெட்டில் பதிவுக் கட்டணம், வரி, புது பிரீமியம் மூன்றையும் சேருங்கள். பிரீமியம்தான் அதிர்ச்சி தரும்: டோட்டல் லாஸ் கிளெய்முக்குப் பிறகு பழைய பாலிசி அதோடு முடிந்துவிடும், மீதி மாதங்களுக்குப் பணம் பொதுவாகத் திரும்பாது, கிளெய்ம் வாங்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் குறையும் அல்லது போய்விடும். இந்தியாவில் 50 சதவீதத் தள்ளுபடியில் இருந்தவர், போனஸுக்குப் பாதுகாப்பு ஆட்-ஆன் எடுக்காவிட்டால், பூஜ்யத்திலிருந்து தொடங்குவார். வண்டியைப் பேசி முடிக்கும் முன் அதன் நம்பரைக் கொடுத்து பிரீமியம் எவ்வளவு என்று கேட்டுவிடுங்கள்.

பழைய வண்டி வாங்குகிறீர்கள் என்றால், இன்னொருவர் கைவிட்ட டோட்டல் லாஸ் வண்டி உங்களிடம் வந்து சேராமல் பார்க்க வேண்டும். நாலு சீட் பெல்ட்டையும் கடைசி வரை இழுங்கள். மடிப்பில் சேறு அல்லது கறைக்கோடு இருந்தால் வெள்ளத்தில் நின்ற வண்டி. பெல்ட்டின் லேபிளில் இருக்கும் தேதி வண்டி தயாரான தேதியை விடப் பிந்தியதா என்று பாருங்கள். கண்ணாடிகளின் மூலையில் உள்ள குறியீட்டில் ஒன்று மட்டும் வேறு வருடமாக இருந்தால் காரணம் கேளுங்கள், கல் பட்டதாகவும் இருக்கலாம். இக்னிஷன் போட்டதும் ஏர்பேக் விளக்கு சில நொடி எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால், விரிந்த ஏர்பேக்கை மாற்றாமல் விளக்கின் இணைப்பை வெட்டியிருக்க வாய்ப்புண்டு. பெயின்ட் மீட்டர் வைத்தால் கம்பெனி பெயின்ட் பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான் காட்டும். ஒரு கதவில் மட்டும் 400, 500 என்றால் அடியில் பட்டி இருக்கிறது. கதவில் பட்டி மன்னிக்கலாம். கூரையைத் தாங்கும் தூணிலோ, பானெட்டுக்கு அடியில் உள்ள சேஸிஸ் முனையிலோ புது வெல்டிங் தெரிந்தால் அங்கேயே நன்றி சொல்லிவிட்டு வந்துவிடலாம்.

பழைய வண்டியின் டோல் டேக்கை மூடிவிட்டு, உரிமை மாற்றம் அல்லது ரத்து ஆன சான்றை ஸ்கேன் செய்து வையுங்கள். யார்டிலிருந்து போன வண்டிக்கு ஆறு மாதம் கழித்து அபராத நோட்டீஸ் வந்தால் அந்தக் காகிதம்தான் பதில்.