குறி பார்க்கப் பயன்படும் டாரட் சீட்டுக்கட்டு ஒன்றில் கற்ற பொருளை இன்னொரு சீட்டுக்கட்டில் பொருத்துவது எப்படி?

தனிப் பெயர் கொண்ட பெரிய சீட்டுகளில் (மேஜர் ஆர்க்கானா) எண்ணை நம்பாமல் படத்தையும் பெயரையும் பாருங்கள். பழைய பிரெஞ்சு மரபைச் சேர்ந்த மார்சேய் கட்டில் 8 நீதி, 11 வலிமை. 1909-இல் வெளிவந்த ரைடர்-வெயிட் கட்டில் இவை இடம் மாறியுள்ளன. அலெஸ்டர் குரோலி உருவாக்கிய தோத் கட்டு பழைய வரிசைக்கே திரும்பினாலும் வலிமைக்கு 'வேட்கை' எனப் பெயரிட்டது.

வாள், கோப்பை போன்ற சின்னங்களும் எண்களும் கொண்ட சிறு சீட்டுகளுக்குத்தான் (மைனர் ஆர்க்கானா) கூடுதல் பொறுமை வேண்டும். மூன்று கட்டுகளிலிருந்தும் வாள் மூன்றை எடுத்து அருகருகே வையுங்கள். மார்சேயில் வளைந்த இரு வாள்களுக்கு நடுவே நேரான ஒன்று மட்டுமே இருக்க, பமீலா கோல்மன் ஸ்மித் வரைந்த ரைடர்-வெயிட் சீட்டிலோ மழைமேகத்தின் கீழ் மூன்று வாள்கள் ஓர் இதயத்தைத் துளைத்து நிற்கின்றன. தோத்தில் அதன் பெயரே 'துயரம்'. பின்னிரண்டும் ஒரே மரபில் கிளைத்தவை என்பதால் அவற்றிடையே பொருள் எளிதாகக் கடக்கும். ஆனால் அந்த இதயத்தின் வலியை மார்சேய் சீட்டின்மேல் அப்படியே ஏற்றுவது தவறு என்றே கருதுகிறேன். அங்கே எண்ணையும் சின்னத்தையும் சேர்த்துப் படியுங்கள்.