காட்டின் உயிர்த்திரள் மாற்றத்தைச் செயற்கைக்கோள் தரவால் கணக்கிடும் முறை

எந்தச் செயற்கைக்கோளும் மரத்தை எடை போடுவதில்லை. அது பதிவு செய்யும் ஒளியையோ ரேடார் எதிரொலியையோ நாம்தான் எடையாக மாற்றுகிறோம். ஆகவே பணி தரையில் தொடங்க வேண்டும். மாதிரித் திடல்களில் ஒவ்வொரு மரத்தின் விட்டத்தையும் 1.3 மீட்டர் உயரத்தில் நாடாவால் அளந்து, மரத்தின் உயரத்தையும் கட்டை அடர்த்தியையும் சேர்த்து உயிர்த்திரளை, அதாவது மரத்தின் உலர் எடையைக் கணக்கிட்டு, திடலின் இருப்பிடத்தைத் துல்லியமாகக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் சில மீட்டர் பிசகினாலும் பக்கத்துக் காட்டின் மதிப்பு உங்கள் கணக்கில் கலந்துவிடும்.

நீண்ட காலத் தொடருக்கு அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்களின் படங்களே முதுகெலும்பு. 30 மீட்டர் நுணுக்கத்தில் 1980-களிலிருந்து அவை கிடைக்கின்றன. ஆண்டுதோறும் ஒரே பருவத்தின் படங்களையே எடுங்கள். இல்லையெனில் இலையுதிர்வு காட்டழிவாகத் தோன்றும். மேகத்தையும் அதன் நிழலையும் நீக்குங்கள். 2003 மே இறுதிக்குப் பிந்தைய லேண்ட்சாட் 7 படங்களில் ஓரங்களை நோக்கி அகலும் வெற்றுப் பட்டைகள் இருக்கும். அவற்றை வேறு தேதிகளின் படங்களால் நிரப்ப வேண்டும்.

அடர்ந்த காட்டில்தான் உண்மையான சிக்கல். மரங்களின் மேல் கிளைகளும் இலைகளுமான விதானம் மூடியபின் ஒளிப்படம் தண்டுகள் பருப்பதைக் காண்பதில்லை. கிளைகளுக்குள் ஊடுருவும் நீண்ட அலைகளைக் கொண்ட எல்-அலைவரிசை ரேடாரும் ஹெக்டேருக்கு ஏறத்தாழ 100 முதல் 150 டன்னுக்கு மேல் வேறுபாடு காட்டத் தவறுகிறது. அங்கே, 2019 முதல் பன்னாட்டு விண்வெளி நிலையத்திலுள்ள ஜெடி (GEDI) லேசர் கருவி 25 மீட்டர் விட்டமுள்ள வட்டங்களில் அளந்த விதான உயரங்களைச் சேர்ப்பதே என் பரிந்துரை.

வெவ்வேறு கருவிகளால் உருவான இரு வரைபடங்களை நேரடியாகக் கழிக்காதீர்கள். மாறாத முதிர்காடு ஒன்றில் முதலில் சோதியுங்கள். அங்கும் பெரிய இழப்பு தெரிந்தால், மாறியது காடன்று, கருவியே.