பொய்யைக் காட்டப் போய் அதையே பரப்பிவிடாதீர்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையை நெல்லைச் சீமையில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் சிக்கித் தவித்தார்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கும் பொய்ச்செய்திகளைப் பற்றிப் பாளையங்கோட்டையில் நண்பர்கள் சிலர் ஒரு கலைக் காட்சி அமைத்தபோது, அந்த வெள்ளத்தையே கருவாக எடுத்துக்கொண்டோம். பார்வையாளர் தன் ஊர்ப்பெயரைத் திரையில் தட்டினால், அந்த ஊரை வெள்ளம் சூழ்ந்துவிட்டதாகப் படமும் செய்தி வாசிக்கும் குரலும் வரும். அதில் நாங்கள் கற்றதை, இப்படிக் காட்சி அமைக்க நினைப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

உண்மையான ஊர்ப்பெயர்களை அனுமதித்தது நாங்கள் செய்த பெருந்தவறு. ஒருவர் திரையில் வந்ததைக் கைபேசியில் படம்பிடித்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டார். ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஒரு பாட்டி துணிமணிகளை மூட்டை கட்டத் தொடங்கிவிட்டார். இது போலி என்ற பலகை சுவரில் இருந்தது; காணொளிக்குள் இல்லை. அறிவிப்பு படத்தின் நடுவிலேயே பதிந்திருக்க வேண்டும், குரலிலும் ஒலிக்க வேண்டும். ஊரும் ஆறும் கற்பனையாக இருக்கட்டும். அதிலும் கவனம் தேவை: குளம், சமுத்திரம், குறிச்சி என்று முடியும் எந்தப் பெயரைப் புனைந்தாலும், அப்படி ஓர் ஊர் இங்கே எங்காவது இருந்துவிடுகிறது. வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடுங்கள்.

பொய்க் குரலை ஒலிபெருக்கியில் சுழலவிடாதீர்கள். வரிசையில் நிற்பவர் அதைப் பத்து முறை கேட்பார், விளக்கத்தை ஒருமுறைதான் கேட்பார். திரும்பத் திரும்பக் கேட்ட கூற்று உண்மைபோலத் தோன்றும் என்பதை அமெரிக்க உளவியலாளர்கள் 1977-லேயே சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொருவராகக் காதில் மாட்டிக் கேட்கும் ஹெட்போன் போதும்.

எது உண்மை, எது போலி என்று கண்டுபிடிக்கச் சொல்லும் விளையாட்டை எல்லோரும் வைக்கிறார்கள், நாங்களும் வைத்தோம். குறுக்குத்துறை முருகன் கோயிலை வெள்ளம் மூழ்கடித்த உண்மைப் படத்தை வெளியூர் மாணவர்கள் பலர் போலி என்று தள்ளினார்கள். திருநெல்வேலியில் தாமிரபரணி ஆற்றின் நடுவே நிற்கும் அந்தக் கோயில் பெருவெள்ளத்தில் மூழ்குவது நமக்குத் தெரியும், அவர்களுக்குத் தெரியாது. எதையும் நம்பாதே என்ற பாடத்தைத்தான் அவர்கள் கொண்டுபோனார்கள். நாளை மெய்யான எச்சரிக்கை வரும்போது அதுவே ஆபத்து. படத்திலுள்ள கைகளின் விரல்களை எண்ணிப் போலியைக் கண்டுபிடிக்கும் வித்தையும் நிலைக்காது. இயந்திரம் மாதந்தோறும் தேறிவருகிறது. அதற்குப் பதில், படம் யாரிடமிருந்து வந்தது, எப்போது எடுத்தது என்று விசாரிக்கும் பழக்கத்தைக் காட்சிக்குள் கொண்டுவாருங்கள். தாமிரபரணியின் பாபநாசம் அணையின் நீர்மட்டம் நாளிதழ்களில் வருகிறது. அந்தப் பத்தியை மேசைமேல் வைத்து, செய்தியோடு பொருத்திப் பார்க்கச் சொல்லலாம்.

இயந்திரத்தை மாயப்பெட்டிபோலக் காட்டுவதும் தவறுதான். இப்போது நாங்கள் ஒரு கரும்பலகையில் "திருநெல்வேலி என்றால்" என்று எழுதி, அடுத்த சொல்லைக் கேட்கிறோம். பெரும்பாலோர் அல்வா என்கிறார்கள். எழுத்தை உருவாக்கும் செயற்கை நுண்ணறிவான மொழி மாதிரியும் அடிப்படையில் இப்படித்தான், அடுத்து வர வாய்ப்புள்ள சொல்லைக் கணித்து வாக்கியத்தை நீட்டுகிறது. மெய்யா என்று சரிபார்ப்பது அந்தக் கணிப்பில் இல்லை. தெரியாத கோயிலுக்கும் தயங்காமல் கட்டிய ஆண்டு ஒன்றைச் சொல்லிவிடுவது அதனால்தான். சாக்குக்கட்டியோடு நின்ற பிள்ளைகளுக்கு இது நொடியில் புரிந்தது.

வாழும் மனிதர்களின் முகத்தையும் குரலையும் அனுமதியின்றித் தொடவே தொடாதீர்கள். 2019-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள், நிலவில் இறங்கியவர்கள் திரும்பவில்லை என்று மறைந்த அமெரிக்க அதிபர் நிக்சன் அறிவிப்பதுபோல ஒரு போலிக் காணொளி செய்தார்கள். பழைய வரவேற்பறை, பழைய தொலைக்காட்சிப் பெட்டி என்று காட்சி அமைந்தது. அந்த உரை, ஒருவேளை அவர்கள் திரும்பாவிட்டால் வாசிப்பதற்காக 1969-ல் உண்மையாகவே எழுதி வைக்கப்பட்டது, வாசிக்கப்படவில்லை. நிலவுக்குப் போனவர்கள் பத்திரமாகத் திரும்பியது உலகறிந்தது. எந்த வீட்டிலும் அந்தக் காணொளியைப் பார்த்து மூட்டை கட்டியிருக்க மாட்டார்கள்.