கொடுவாவுக்காக மாற்றிய முள்

முத்துப்பேட்டையில், கோரையாறு காயலில் கலக்கும் இடத்தில், மூன்று வாரமாகக் கொடுவா மீன் கடித்தும் ஒன்றுகூடக் கரையேறவில்லை. குற்றம் தூண்டில் முள்ளில் இருந்தது. எண் 4 முள் வாங்கியிருந்தேன்; தேவைப்பட்டது 4/0. எண்ணுக்குப் பின்னால் ‘/0’ இருந்தால் எண் கூடக்கூட முள் பெரிதாகும், இல்லையென்றால் சிறிதாகும். அந்த அகன்ற வாயில் என் சின்ன முள் பிடிப்பே இல்லாமல் வழுக்கி வந்திருக்கிறது.

இரை கோர்ப்பதையும் மாற்றினேன். முன்பு உயிர் இறாலை நடு உடம்பில் குத்துவேன். உடனே செத்துவிடும், கெளுத்தி வந்து கொத்திப் போகும். இப்போது தலைக் கொம்புக்கு அடியில், ஓட்டுக்குள் தெரியும் கரும்புள்ளியைத் தொடாமல் முள்ளை நுழைக்கிறேன். உயிருறுப்புகள் அங்கேதான் இருக்கின்றன. இறால் மீசையை ஆட்டிக்கொண்டு நெடுநேரம் நீந்துகிறது.

போன வாரம் ஓதம் ஏறும் நேரத்தில் முதல் கொடுவா வந்தது. வாயோரத்தில் முள் ஆழப் பதிந்திருந்தது.