பழைய படகின் கியர் ஆயில்: வாங்கும்போதும் மாற்றும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய படகு வாங்கப் போகிறவர்கள் இன்ஜினை ஓடவிட்டுச் சத்தம் கேட்பார்கள், அது ஓடிய மணிக் கணக்கைப் பார்ப்பார்கள், படகின் அடிப்பகுதியைத் தட்டிப் பார்ப்பார்கள். படகின் பின்புறம் வெளியே தொங்கும் அவுட்போர்டு மோட்டாரில், புரொபெல்லருக்கு முன்னால் தண்ணீருக்குள் கிடக்கும் கியர்பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. அதற்குள் இருக்கும் பற்சக்கரங்களுக்கும் பேரிங்குகளுக்கும் கடல் தண்ணீருக்கும் நடுவே நிற்பவை சில ரப்பர் சீல்களும் திருகு வாஷர்களும்தான். அவை தாக்குப்பிடிக்கின்றனவா என்பதை உள்ளே இருக்கும் ஆயில் காட்டிவிடும். ஆனால் அதைச் சரியான நேரத்தில் பார்க்க வேண்டும்.

புது ஆயிலைப் பார்த்து நம்புவது

விற்பவர் படகைக் காட்டுவதற்கு முன் கியர் ஆயிலை மாற்றியிருப்பது சாதாரணம். அதில் கெட்ட எண்ணம் இருக்க வேண்டிய அவசியமில்லை. ஆனால் நேற்று ஊற்றிய ஆயில் சீலின் நிலையைப் பற்றி எதுவும் சொல்லாது. படகைக் கடலில் அரை மணி நேரமாவது நன்றாக ஓட்டிவிட்டு, மேலே ஏற்றி, மோட்டாரை நேராக நிற்கும்படி இறக்கி, முடிந்தால் ஓர் இரவு அப்படியே விட்டுவிடுங்கள். தண்ணீர் ஆயிலைவிடக் கனமானது. ஆயிலோடு கலக்காத தண்ணீர் அடியில் போய்ச் சேரும்.

மறுநாள் விற்பவரின் அனுமதியோடு, கியர்பெட்டியின் ஆயில் திருகுகளில் மேல் திருகைத் தொடாமல் கீழ்த் திருகை மட்டும் மெதுவாகத் தளர்த்தி, இரண்டு மேசைக்கரண்டி அளவு கண்ணாடிக் குவளையில் பிடியுங்கள். மேல் திருகு மூடியிருப்பதால் ஆயில் வேகமாகக் கொட்டாது. முதலில் வருவது தண்ணீர்த் துளியாக இருந்தால் பேரத்தை அங்கேயே நிறுத்தி யோசிக்கலாம். எடுத்த அளவைத் திரும்ப நிரப்ப மறக்காதீர்கள்.

நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்வதும் தவறு. புது ஆயில் தேன் நிறம், பச்சை, நீலம் என நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பழசானால் கறுப்பது இயல்பு. தே தாரிக் (பால் தேநீர்) நிறத்தில் குழம்பி வந்தால்தான் தண்ணீர் கலந்திருக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். அப்போதும் ஒரு சோதனை பாக்கி இருக்கிறது: இப்போதுதான் ஓடிய பெட்டியின் ஆயிலில் காற்றுக் குமிழ்கள் நிறைந்து மங்கலாகத் தெரியலாம். குவளையை ஒன்றிரண்டு மணி நேரம் அசைக்காமல் வையுங்கள். காற்று என்றால் தெளிந்துவிடும், தண்ணீர் என்றால் தெளியாது. கருகிய வாடை அடித்தால் பெட்டி சூடாகி ஓடியிருக்கிறது.

கீழ்த் திருகில் காந்தம் இருந்தால் அதையும் விரலால் தடவிப் பாருங்கள். பற்பசை போன்ற மெல்லிய சாம்பல் நிறப் பசை வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் துண்டுகள் பற்சக்கரத்திலிருந்தோ பேரிங்கிலிருந்தோ உடைந்து வந்தவை.

மேலிருந்து ஊற்றுவது

கார் இன்ஜினுக்கு ஊற்றுவதுபோல் மேல் துளை வழியாக ஊற்றினால் காற்று உள்ளே சிக்கிக்கொள்ளும். மேலே வழிந்ததும் நிரம்பிவிட்டது என்று நினைப்போம், உள்ளே பாதி காலியாக இருக்கும். கீழ்த் துளையில் பம்பின் முனையைப் பொருத்தி, மேல் துளை வழியாகக் குமிழ் இல்லாத ஆயில் வரும்வரை மெதுவாக ஏற்றுங்கள். பிறகு முதலில் மேல் திருகை மூட வேண்டும். அதன் பின்னரே பம்பைக் கழற்றிக் கீழ்த் திருகைப் போட வேண்டும். இந்த வரிசை மாறினால் ஏற்றிய ஆயில் தரையில்தான் இருக்கும்.

15 குதிரைசக்தி மோட்டார் பலவற்றுக்குக் கால் லிட்டர் அளவு போதும். 40 குதிரைசக்திக்கு ஏறக்குறைய அரை லிட்டர். 115 முதல் 150 வரை உள்ளவற்றுக்கு முக்கால் லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பிடிக்கும். உங்கள் மாடலின் சரியான அளவைக் கையேட்டில் பாருங்கள். அதைவிட மிகக் குறைவாக ஏற்றியதும் மேலே வழிந்தால் உள்ளே காற்று சிக்கியிருக்கிறது. சற்றுப் பொறுத்து மீண்டும் பம்ப் செய்யுங்கள்.

ஆயிலின் வகையிலும் கவனம் வேண்டும். பெரும்பாலான கையேடுகள் கேட்பது ஜிஎல்-4 அல்லது ஜிஎல்-5 தரத்தில், எஸ்ஏஇ 90 அல்லது 80டபிள்யூ-90 கனத்தில் உள்ள மரைன் கியர் ஆயில். காருக்கான கியர் ஆயிலிலும் அதே எண்கள் இருக்கலாம், ஆனால் உப்புத் தண்ணீர் கலந்தாலும் துருவைத் தடுக்கும் சேர்மானம் மரைன் வகையில்தான் கூடுதல். இதில் மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை.

பழைய வாஷரும் தவறான திருகும்

திருகின் வாஷர் ஒருமுறை நசுங்கி அடைத்தது. அதையே மறுபடி போட்டால் அதே இடத்தில் அடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆயில் மாற்றும் ஒவ்வொரு முறையும் எல்லா வாஷரையும் மாற்றுங்கள். கசிகிறதே என்று திருகைப் பலம்கொண்டு இறுக்குவது இன்னும் மோசம். பல மாடல்களில் இதற்கான முறுக்கு 10 நியூட்டன்-மீட்டருக்குள்தான், அலுமினியத் துளையின் மரை எளிதில் பிய்ந்துவிடும்.

பழைய ஜான்சன், எவின்ரூட் மோட்டார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பல மாடல்களில் ஆயில் திருகின் பக்கத்திலேயே நட்சத்திரத் தலைத் திருகு ஒன்று இருக்கும். அது உள்ளே கியர் மாற்றும் பாகத்தைத் தாங்கும் திருகு. அதைக் கழற்றினால் பெட்டியையே பிரிக்க வேண்டி வரலாம். ஆயிலை வடிக்கக் கழற்ற வேண்டியது ஒற்றைக் கீறல் உள்ள பெரிய திருகை.

தண்ணீர் இருந்தும் ஆயிலை மட்டும் மாற்றுவது

மிக அதிகச் செலவு வைக்கும் தவறு இதுதான். தண்ணீர் வந்த வழி அடைபடாதவரை புது ஆயிலும் சில வாரத்தில் தே தாரிக் ஆகும்.

முதலில் வாஷர்களை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு. அடுத்த சந்தேகம் புரொபெல்லர் தண்டின் சீல். சிங்கப்பூரில் சாங்கிக்கும் உபின் தீவுக்கும் நடுவே மீன் பண்ணைக் கயிறுகளும் அறுந்த தூண்டில் நரம்புகளும் மிதக்கும் தண்ணீரில் ஓடும் படகுக்கு இந்தச் சந்தேகம் எப்போதும் பொருந்தும். நரம்பு புரொபெல்லருக்கும் கியர்பெட்டிக்கும் நடுவே தண்டில் சுற்றி, சூட்டில் உருகி, சீலின் விளிம்பை அறுத்துவிடும். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது, புரொபெல்லரைக் கழற்றித்தான் பார்க்க வேண்டும். இன்ஜினை நிறுத்தும் கில் சுவிட்ச் கயிற்றை எடுத்துவிட்டு, பேட்டரியை அணைத்து, நியூட்ரலில் வைத்த பிறகே கை வையுங்கள். பிளவுப் பின், நட்டு, புரொபெல்லர், அதற்கு அப்பால் உள்ள வளையம் என்று கழற்றிய வரிசையில் அடுக்குங்கள். மாட்டும்போது தண்டின் பள்ளங்களில் தண்ணீர் கரைக்காத கிரீஸ் தடவி, புதுப் பின் போடுங்கள். எதிலாவது சிக்கிய நாளில் உடனே இதைப் பார்ப்பது நல்லது.

நரம்பும் இல்லை, வாஷரும் புதிது என்றால் அழுத்தச் சோதனை. ஆயிலை வடித்துவிட்டு, ஒரு துளையை மூடி, இன்னொன்றில் கைப்பம்பும் அளவியும் பொருத்தி 10 முதல் 12 பிஎஸ்ஐ காற்று ஏற்றுங்கள். முள் ஐந்து நிமிடம் அசையாமல் நிற்க வேண்டும். தண்டை மெதுவாகச் சுழற்றிக்கொண்டே பாருங்கள், சில கசிவுகள் சுழலும்போதுதான் வெளிப்படும். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழ் எழும் இடம் தெரியும். பட்டறைக் காற்றுக்குழாயை நேராக இணைக்காதீர்கள். அந்த அழுத்தம் நல்ல சீலையும் பிதுக்கித் தள்ளிவிடும்.

சீலை மாற்றும்போது தண்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பழைய சீல் தேய்த்த பள்ளத்தில் நகம் சிக்கினால் புது சீலும் சீக்கிரம் ஒழுகும். தண்டு வளைந்திருந்தாலும் அப்படியே. மேலிருந்து இறங்கும் தண்டின் சீல் தண்ணீர்ப் பம்புக்கு அடியில் இருப்பதால், அதைத் தொடும்போது பம்புக்குள் சுழலும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள்.

உடனே பழுது பார்க்க முடியாவிட்டால், தண்ணீர் கலந்த ஆயிலை வடித்துப் புது ஆயிலாவது நிரப்பி நிறுத்துங்கள். உப்புத் தண்ணீரோடு மாதக் கணக்கில் நிற்கும் பேரிங்கில் துரு குழி பறித்துவிடும். அதற்குப் பிறகு சீல் மாற்றினாலும் இரைச்சல் போகாது.

குளிர்காலத்துக்குக் காத்திருப்பது

பல கையேடுகள் குளிர்காலத்துக்கு முன் ஆயிலை மாற்றச் சொல்கின்றன. உறைந்த தண்ணீர் பெட்டியைப் பிளந்துவிடும் நாடுகளுக்கான அறிவுரை அது. சிங்கப்பூரில் அப்படியொரு பருவமே வராது என்பதால் வேலை தள்ளிக்கொண்டே போகிறது. 100 மணி நேரம் அல்லது ஓராண்டு, எது முதலில் வருகிறதோ அதைப் பிடித்துக்கொள்ளுங்கள். வரலாறு தெரியாத படகு என்றால் வாங்கியதும் மாற்றி, 10 மணி நேரம் ஓட்டியதும் மீண்டும் சில துளிகள் எடுத்துப் பாருங்கள். தண்ணீரிலேயே கட்டிவைக்கும் படகு என்றால் மோட்டாரைத் தூக்கி வையுங்கள். ஓடிச் சூடான பெட்டி தண்ணீருக்குள் குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, தளர்ந்த சீல் வழியாக வெளித் தண்ணீரை இழுக்கும்.

வடித்த ஆயிலைக் கடலிலோ சாக்கடையிலோ கொட்டக் கூடாது, அது சட்டப்படி குற்றம். மூடியுள்ள புட்டியில் சேர்த்து, கழிவு எண்ணெய் எடுத்துக்கொள்ளும் மரீனாவிடமோ (படகு நிறுத்துமிடம்) பட்டறையிடமோ கொடுங்கள். கொடுப்பதற்கு முன் சிறிய கண்ணாடிப் புட்டியில் கொஞ்சம் எடுத்து, தேதியும் மணிக் கணக்கும் எழுதி ஒட்டி வையுங்கள். அடுத்த முறை வடிக்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.